முக்திநாத் யாத்திரை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, ஸ்ரீரங்கம், கும்பகோணம், மதுரை, கோவை என்று பல ஊர்களிலிருந்தும் ஆண்டுதோறும் நேபாளத்தின் முக்திநாத்துக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் யாத்திரை அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் துண்டுப் பிரசுரங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஊரும் விலையும் மாறும். நடுவில் வரும் ஒரு பத்தி மட்டும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் பொக்காராவிலிருந்து விமானத்தில் ஜோம்சோம், அங்கிருந்து ஜீப்பில் முக்திநாத், 108 தாரைகளில் நீராடி பெருமாள் சேவை, மாலையில் ஜோம்சோம் திரும்பித் தங்கல், மறுநாள் காலை மறுபடியும் பொக்காரா. எல்லாவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: வானிலை காரணமாக ஏற்படும் மாற்றங்களுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. அந்தப் பொடி எழுத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் காத்மாண்டுவில் இருந்தவன் நான். டூர் தொழில் எனக்குத் தெரியாது. ஆனால் ஊரிலிருந்து வரும் குழுக்களோடு பேசிப் பழகியிருக்கிறேன். கூடவே சமையல்காரரையும் மளிகையையும் ஏற்றிவந்து, சுனௌலி எல்லையைத் தாண்டிய பிறகும் காலையில் பொங்கலும் சட்னியும் பரிமாறும் உங்கள் ஆட்களின் உழைப்பு எனக்குத் தெரியும். நாற்பது பேரின் மாத்திரை, செருப்பு, கோபதாபம் எல்லாவற்றையும் சமாளிப்பவர்கள் நீங்கள். அவ்வளவையும் திட்டமிடத் தெரிந்தவர்கள் வானிலையை மட்டும் ஏன் விதி விட்ட வழி என்று விட்டுவிடுகிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியாதது.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேபாளத்தின் வானிலைத் துறை சொல்வதை இன்று நம்பித் திட்டமிடலாம். அது சொல்வது உங்கள் பேருந்துக்குள் வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான். அதைக் கொண்டுவந்து சேர்க்கும் இடத்தில் இருப்பவர் நீங்கள். வந்து சேர்ந்தாலும் அதன்படி நடக்க உங்கள் அட்டவணையில் ஒரு காலி நாள் வேண்டும்.

நேபாளம் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியது. தெற்கே தராய் சமவெளியின் தாழ்ந்த இடங்கள் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லை. வடக்கே எவரெஸ்ட் 8,849 மீட்டர். இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் 200 கிலோமீட்டர்கூட இல்லை. இந்த ஏற்றம்தான் அங்குள்ள முன்னறிவிப்பாளர்களின் தலைவலி. பொக்காராவுக்குப் பக்கத்தில் லும்லே என்று ஒரு மலைக்கிராமம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். நாட்டிலேயே அதிக மழை பதிவாகும் நிலையம் அங்கேதான் இருக்கிறது. அன்னபூர்ணா மலைத்தொடரின் அந்தப் பக்கம், மழை மறைவில் இருக்கிறது ஜோம்சோம். அங்கே ஆண்டு முழுக்கப் பெய்வது 300 மில்லிமீட்டரை எட்டாது. விமானத்தில் போனால் சுமார் 20 நிமிட வழிதான். ஆக, பொக்காரா விடுதி ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டு முக்திநாத்தில் என்ன நடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. முக்திநாத்தில் நீலவானமாக இருக்கும்போது பொக்காராவில் கொட்டும். நடுவழியில் இருக்கும் பள்ளத்தாக்கில் மேகம் அடைத்துக்கொண்டு நிற்கும்.

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஒரு பக்கம் தௌலகிரி, 8,167 மீட்டர். மறுபக்கம் அன்னபூர்ணா, 8,091 மீட்டர். நடுவே காளி கண்டகி, அதாவது நமக்குச் சாளக்கிராமம் தரும் ஆறு. பகலில் வெயில் ஏற ஏற வடக்கே திபெத்தியப் பீடபூமி சூடாகி, தெற்கிலிருக்கும் காற்றை இந்த இடுக்கின் வழியாக உறிஞ்சுகிறது. முற்பகலில் கிளம்பும் அந்தக் காற்று பிற்பகலில் மணிக்கு 50 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். ஜோம்சோமில் விமானங்கள் காலையோடு நின்றுவிடுவது இதனால்தான். "இன்னும் இரண்டு மணி நேரம் பார்க்கலாமே, மேகம் கலைந்ததும் போகலாமே" என்று உங்கள் மேலாளர் விமான நிலையத்தில் வாதாடுவதில் அர்த்தமில்லை. மேகம் கலையும் நேரத்துக்குக் காற்று கிளம்பிவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில மணி நேரம் தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அந்த வழியில் விமானி பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் ஓட்டுகிறார். 2016 பிப்ரவரி 24 அன்று பொக்காராவிலிருந்து ஜோம்சோம் கிளம்பிய தாரா ஏர் விமானம் மலையில் மோதி 23 பேர் இறந்தார்கள். 2022 மே 29 அன்று அதே நிறுவனம், அதே வழி. 22 பேர் இறந்தார்கள், அவர்களில் நான்கு பேர் இந்தியர்கள். இரண்டாவது விபத்துக்குப் பிறகு, போகும் வழி முழுக்க முன்னறிவிப்பு சாதகமாக இருந்தால்தான் விமானத்துக்கு அனுமதி என்று நேபாள விமானப் போக்குவரத்து ஆணையம் விதியை இறுக்கியது. இன்று விமானம் ரத்தானால் ஏதோ ஒரு அதிகாரி அந்த விதியை மதிக்கிறார் என்று அர்த்தம். அவரிடம் போய்ச் சண்டை போட்ட ஒரு குழு மேலாளரை நானே பார்த்திருக்கிறேன். அவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம்.

விமானம் ரத்து என்றதும் நீங்கள் செய்வது என்ன? ஜீப் பிடிக்கிறீர்கள். பேனி, தாத்தோபானி, காசா வழியாக முழுப் பகல் பயணம். பருவமழைக் காலத்தில் அந்தச் சாலையில் நிலச்சரிவு சகஜம். விமானத்தை நிறுத்திய அதே மேகம்தான் அந்தச் சாலையையும் நனைத்துக்கொண்டிருக்கிறது. விமானி போகமாட்டேன் என்று சொன்ன நாளில் ஜீப் ஓட்டுநரைப் போகச் சொல்வது எந்தக் கணக்கில் சரி?

இப்போது வங்காள விரிகுடாவுக்கு வருகிறேன். நம்மூரில் அக்டோபர் பிறந்தால் சின்னப் பையன்கூட செயற்கைக்கோள் படம் பார்த்து, தாழ்வு மண்டலம் எங்கே போகிறது என்று சொல்கிறான். ஆந்திரா பக்கம் போய்விட்டால் "நமக்கு இல்லை" என்று விட்டுவிடுகிறோம். 2014 அக்டோபர் 12 அன்று ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. நமக்கு இல்லை என்று நாம் மறந்துவிட்டோம். அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டு நாளில் இமயமலையில் போய் மோதியது. அக்டோபர் 14 அன்று அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் பனிப்புயல். தொரோங் லா என்ற 5,416 மீட்டர் உயரக் கணவாயிலும் சுற்றியுள்ள மலைகளிலும் குறைந்தது 43 பேர் இறந்தார்கள். அக்டோபர் நடுப்பகுதி, மலையேறுவதற்கு ஆண்டிலேயே சிறந்த காலம் என்று எல்லோரும் சொல்லும் நேரம். அந்தக் கணவாயிலிருந்து மேற்கே இறங்கினால் முதலில் வரும் தலம் எது தெரியுமா? முக்திநாத்தேதான். தப்பித்தவர்கள் பலர் அங்கேதான் வந்து விழுந்தார்கள்.

புயல் வருவது தெரியாமலா இருந்தது? கடலில் இருந்த நாளிலிருந்தே இந்திய வானிலைத் துறை அதைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. வடக்கே ஈரக்காற்று போகும் என்பதும் தெரிந்ததுதான். மலையில் நடந்துகொண்டிருந்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. நேபாள அரசு மிகவும் திட்டு வாங்கியது அதற்காகத்தான். பிறகு 2025 அக்டோபர் இறுதியில் மோந்தா புயல் ஆந்திராவில் கரையேறியபோது நேபாள வானிலைத் துறை முன்கூட்டியே மலையேறுபவர்களை எச்சரித்தது. முக்திநாத் இருக்கும் முஸ்தாங் மாவட்டத்திலும் பக்கத்து மனாங்கிலும் பனியும் கொட்டியது. பதினோரு ஆண்டுகளில் அந்தத் துறை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை இந்த இரண்டு புயல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே தெரியும்.

ஆக உங்கள் அக்டோபர், நவம்பர் குழுக்களுக்கு ஒரு எளிய விதி சொல்கிறேன். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி ஒடிசா, ஆந்திரக் கரையை நோக்கிப் போனால், "நமக்கு இல்லை" என்று நினைக்காதீர்கள். கரையேறிய நாளிலிருந்து இரண்டு மூன்று நாளைக்கு முக்திநாத் பக்கம் ஆட்களை ஏற்றாதீர்கள். இதற்கு விஞ்ஞானி ஆகவேண்டியதில்லை. தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சியே போதும்.

ஜூலை, ஆகஸ்ட் கணக்கு வேறு. அது கொஞ்சம் தலைகீழாகவும் இருக்கும். பருவமழையின் நடுவே சில நாட்கள் அதன் தாழ்வு அச்சு, அதாவது மழையைக் கொண்டுவரும் தாழ்வழுத்தப் பட்டை, வடக்கே நகர்ந்து இமயமலை அடிவாரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது மத்திய இந்தியாவில் மழை நின்று வெயில் காயும். பருவமழை ஓய்ந்தது, விவசாயிகள் கவலை என்று செய்தி வரும். நேபாள மலைச்சரிவுகளில் கொட்டுவது அந்த நாட்களில்தான். வேடிக்கை என்னவென்றால், அதே நாட்களில் தமிழ்நாட்டிலும் மாலை நேர இடிமழை கூடும். ரயிலில் நாக்பூரைத் தாண்டும்போது வெளியே வெயில் அடிக்கிறதே, மழை விட்டுவிட்டது என்று உங்கள் குழு சந்தோஷப்பட்டுக்கொண்டு போகும். போகும் இடத்தில் நிலைமை நேர்மாறாக இருக்கும்.

2024 ஜூலை 12 விடிகாலை, நாராயண்காட்டுக்கும் முக்லிங்குக்கும் இடையே சிமல்தால் என்ற இடத்தில் மலை சரிந்து இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றில் தள்ளியது. 60 பேருக்கு மேல் இருந்த அந்த வண்டிகளிலிருந்து தப்பியவர்கள் மூன்று பேர். பல உடல்கள் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். சுனௌலியிலிருந்து காத்மாண்டு போகும் உங்கள் வண்டிகள் போவதும் அந்தச் சாலையில்தான். ஒரு நாள் விடுதி வாடகை மிச்சமாகும் என்று இரவுப் பயணம் வைக்கிறீர்களே, அதை ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை தயவுசெய்து விட்டுவிடுங்கள். பகலில் ஓட்டுநர் மேலிருந்து உருளும் கல்லைப் பார்க்க முடியும். நேபாளத்தில் பருவமழை விடைபெறும் இயல்பான தேதியே அக்டோபர் 2 என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி முதல் சனிக்கிழமைகளுக்கு முக்திநாத் என்று விளம்பரம் செய்யும்போது பருவமழைக்குள்தான் ஆட்களைக் கூட்டிப்போகிறீர்கள்.

அதே 2024இல், செப்டம்பர் 26 முதல் 28 வரை நடந்தது இன்னும் முக்கியமான பாடம். காத்மாண்டு விமான நிலையத்தில் 24 மணி நேரத்தில் 240 மில்லிமீட்டரை ஒட்டி மழை. 2015 டிசம்பரில் தாம்பரம் 490 மில்லிமீட்டரைப் பார்த்தது, இது என்ன பெரிய மழை என்று சென்னைக்காரர்களுக்குத் தோன்றலாம். சமவெளியில் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறும். மலையிலோ மலையே இறங்கி வரும். நாடு முழுக்கச் சுமார் 250 பேர் இறந்தார்கள். வானிலைத் துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது, அதுவும் தெளிவாக. இருந்தும் வண்டிகள் ஓடின. காத்மாண்டுவுக்குள் நுழையும் சாலையில், தாதிங் மாவட்டத்து ஜ்யாப்லே கோலா என்ற இடத்தில், சாலை அடைபட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்த வண்டிகள் மீது மலை சரிந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் குறைந்தது 35 பேர் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 2025 அக்டோபர் முதல் வாரத்தில் அதே மாதிரி எச்சரிக்கை வந்தது. இந்த முறை காத்மாண்டுவுக்கு வண்டிகள் வருவதையும் போவதையும் அதிகாரிகள் முன்கூட்டியே நிறுத்தினார்கள். கிழக்கே இலாம் மாவட்டத்தில் நிலச்சரிவுகள் 37 பேருக்கு மேல் பலிகொண்டன; அந்தத் துயரம் சின்னதல்ல. ஆனால் தலைநகரின் சாலைகளில் முந்தைய ஆண்டுபோல எதுவும் நடக்கவில்லை. முன்னறிவிப்பு இரண்டு முறையும் வந்தது. அதைக் கேட்டு ஒரு வண்டியை நிறுத்த யாரோ ஒருவர் துணிந்தது இரண்டாவது முறைதான். உங்களிடம் நான் கேட்பதும் அந்தத் துணிவைத்தான்.

இவ்வளவு புகழ்ந்தாலும் அந்தத் துறையின் வரம்புகளையும் சொல்லவேண்டும். நேபாள நீரியல், வானிலையியல் துறை 1962இல் ஒரு சின்னப் பிரிவாகத் தொடங்கி, 1988இல்தான் தனித்துறை ஆனது. மழைமானிகளில் பல இன்னும் மனிதர்கள் பார்த்து எழுதுபவை. தினமும் காலை 8:45க்கு ஒருவர் போய் அளவைக் குறிக்கவேண்டும். ஆட்கள் வசிக்கும் பள்ளத்தாக்குகளில்தான் நிலையங்கள் அதிகம். பனியும் பாறையும் இருக்கும் உயரத்தில் சொற்பம். வானிலை ரேடார்கள் மூன்று என்று உலக வங்கி உதவியோடு திட்டமிட்டு, முதலாவதை மேற்கே சுர்கேத்தில் நிறுவினார்கள். நம் சென்னைத் துறைமுக ரேடாருக்குக் கடல் பக்கம் தடை எதுவும் இல்லை. அங்கே ரேடாரின் கதிர் நாலா பக்கமும் மலையில் முட்டிக்கொள்ளும். மலைக்குப் பின்னால் இருக்கும் மேகம் தெரியாது. கணினி மாதிரிகளும் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகத்தான் நிலத்தைப் பார்க்கின்றன. காளி கண்டகியின் இடுக்கு பல சமயம் ஒரு கட்டத்துக்குள்ளேயே தொலைந்துவிடும்.

அதனால் அவர்களின் அறிக்கையில் "ஓரிரு இடங்களில் கனமழை" என்று இருந்தால், நம்மூரில் அதைக் கேட்டுச் சிரிப்பதுபோல அங்கே சிரிக்காதீர்கள். எந்த ஓடை என்று அவர்களால் சொல்ல முடியாது. அந்த ஓரிரு ஓடைகளில் ஒன்று உங்கள் சாலையைக் கடந்து போகும் வாய்ப்பு, எட்டு மணி நேரம் மலைச்சாலையில் போகும் வண்டிக்கு, ரொம்பவே அதிகம்.

அறிக்கை நேபாளி, ஆங்கிலம் இரண்டிலும் தினமும் வருகிறது, மூன்று நாளுக்கு. மாகாண வாரியாகப் பிரித்திருப்பார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது கண்டகி மாகாணம். அதிலும் மலைப்பகுதி என்றால் பொக்காரா, உயர்மலைப் பகுதி என்றால் ஜோம்சோம், முக்திநாத். இரண்டையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் வழி இரண்டிலும் போகிறது. வெள்ளம் பற்றிக் கேட்க 1155 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. உங்கள் நேபாள வழிகாட்டியைப் பேசச் சொல்லுங்கள். தினமும் இரவுச் சாப்பாட்டின்போது உங்கள் மேலாளர் எழுந்து நின்று, நாளைக்கு எத்தனை மணிக்கு எழவேண்டும், எத்தனை மணிக்குக் காபி என்று அறிவிக்கிறார். அதோடு இரண்டு வரி வானிலையும் சேர்த்துச் சொல்லட்டும். நான்கு நாள் கேட்டுப் பழகியவர்கள் ஐந்தாம் நாள் "போகவில்லை" என்றால் கத்தமாட்டார்கள். கத்தினாலும் கொஞ்சம் குறைவாகக் கத்துவார்கள்.

ஆம், நெருக்குதல் பெரும்பாலும் யாத்திரிகர்களிடமிருந்துதான் வருகிறது என்பது எனக்குத் தெரியும். 108 திவ்ய தேசங்களில் பூவுலகில் இருக்கும் 106இல் நூற்றைந்தைச் சேவித்துவிட்டு, திருச்சாளக்கிராமம், அதாவது முக்திநாத், மட்டும் பாக்கி என்று வருபவர் இருப்பார். எழுபது வயதில், இனி இன்னொரு முறை வர முடியாது என்று தெரிந்தே வருகிறார். பொக்காரா வரை வந்துவிட்டுத் திரும்புவதா என்று அவர் அழுதால் மனசு கேட்காதுதான். பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று யாராவது சொல்வார்கள். நான் நம்பிக்கைக்குக் குறுக்கே நிற்கவில்லை. அவர் அழுவது அட்டவணையில் மறுநாள் இல்லாததால்தானே? மறுநாள் இருந்தால் அவர் காத்திருப்பார். அன்றைக்கும் கிடைக்காவிட்டால் அது வேறு விஷயம். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அந்த மறுநாளுக்குச் செலவு ஆகும். நாற்பது பேருக்குப் பொக்காராவில் ஒரு நாள் தங்குமிடம், ரயில் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போடுவது, சமையலுக்கு மளிகை. பக்கத்து நிறுவனம் இன்னும் குறைவாகக் கேட்கும்போது நீங்கள் மட்டும் விலையைக் கூட்டினால் ஆள் வரமாட்டார்கள் என்ற பயம் நியாயமானது. எல்லோரும் சேர்ந்து செய்தால் ஒழிய இது நடக்காது என்பதால்தான் தனித்தனியாக எழுதாமல் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். ஒரு வழி இருக்கிறது: காலி நாளுக்கான தொகையைத் தனியாகக் காட்டி வாங்குங்கள், அந்த நாள் தேவைப்படாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். பொக்காராவில் காத்திருப்பது தண்டனையும் இல்லை. ஏரி இருக்கிறது, வாராஹி கோயில் இருக்கிறது, மேகம் விலகினால் மச்சாபுச்ரே சிகரம் தெரியும்.

பிரசுரத்தில் இன்னொன்றும் எழுதுங்கள். போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? ஊரிலிருந்து வரும் மேலாளர் என்று இருந்தால் அவரை எல்லோரும் சேர்ந்து நெருக்குவார்கள். உள்ளூர் வழிகாட்டியும் ஓட்டுநரும் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அச்சில் இருக்கட்டும். அப்படிச் சொன்னதற்காக அவருடைய கூலியிலும் டிப்ஸிலும் கைவைக்கமாட்டோம் என்பதையும் அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இது இல்லாமல் மற்றதெல்லாம் வீண். தன் பிழைப்பு போய்விடும் என்று பயப்படும் ஓட்டுநர் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

உயரத்தைப் பற்றி ஒரு வரி. பொக்காரா 800 மீட்டர் சொச்சம். முக்திநாத் கோயில் சுமார் 3,800 மீட்டர். அங்கே மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒரே காலையில் அங்கே ஏற்றி, பனி உருகிய தண்ணீரில் 108 முறை நனையவைப்பது எழுபது வயது இதயத்துக்குப் பெரிய சோதனை. இது வானிலை சமாசாரம் இல்லை, மருத்துவரைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லி விடுகிறேன். ஆனால் இதற்கும் கூடுதல் நாள் உதவும்.

எந்த முன்னறிவிப்பும் சொல்லாத ஆபத்துகளும் அங்கே கூடிக்கொண்டிருக்கின்றன. 2012 மே 5 அன்று பொக்காராவில் மழையே இல்லை. அன்னபூர்ணா நான்காம் சிகரத்துப் பக்கம் பாறை சரிந்து, சேதி ஆற்றில் திடீர் வெள்ளம். 72 பேர் போனார்கள். காராபானியில் வெந்நீர் ஊற்றுக்கு வந்தவர்களும் அதில் உண்டு. வானத்தில் சின்ன விமானத்தில் இருந்த ஒரு விமானி பார்த்துவிட்டு வானொலியில் சொன்னதால் கீழே பலர் தப்பினார்கள். 2024 ஆகஸ்ட் 16 அன்று எவரெஸ்ட் பகுதியில் தாமே கிராமத்தைப் பனியேரி உடைந்த வெள்ளம் அடித்துச் சென்றது. 2025 ஜூலை 8 அன்று திபெத்தில் பனியாற்றின் மேலிருந்த ஏரி வடிந்து வந்த வெள்ளம் ரசுவாகடியில் எல்லைப் பாலத்தையே கொண்டுபோனது. திபெத்தின் கேரூங் வழியாகக் கைலாஷ் குழு நடத்துபவர்களுக்கு அந்தப் பாலம் நன்றாகத் தெரியும். லாங்டாங் பள்ளத்தாக்கின் யாலா பனியாற்றுக்கு 2025 மே மாதத்தில் விஞ்ஞானிகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்து இறுதி அஞ்சலியே நடத்தினார்கள். பல பத்தாண்டுகளாக அளந்துவந்த பனியாறு கண்ணெதிரே சுருங்கிப் போய்விட்டது.

இதில் உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஊர் காக்பேனி. முக்திநாத் போகும் வழியில், காளி கண்டகியோடு காக் கோலா கலக்கும் இடத்தில், உங்கள் குழுக்கள் இறங்கிப் பித்ரு காரியம் செய்யும் இடம். 2023 ஆகஸ்ட் 13 அன்று அந்தச் சின்ன ஓடை சேறும் பாறையுமாகப் பொங்கி வீடுகளை அடித்துக்கொண்டு போனது. முஸ்தாங் மழை மறைவுப் பிரதேசம். வீடுகளின் கூரையே அங்கே மண்ணால் தட்டையாகப் போட்டது. மழைக்குப் பழகாத மலைச்சரிவில் சாதாரண மழையே பெரிய சேதம் செய்துவிடுகிறது. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் அங்கே தர்ப்பணம் வைத்தால் சீக்கிரம் முடித்துவிட்டு மேலே ஏறிவிடுங்கள். ஆற்றங்கரை விடுதியில் இரவு தங்காதீர்கள். வாடகை கொஞ்சம் குறைவாக இருப்பது தெரியும்.

2018 ஜூலை முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? கைலாஷிலிருந்து திரும்பிய இந்தியர்கள் சுமார் 1,500 பேர் நேபாளத்தின் வடமேற்கு மூலையில் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் திபெத்திலும் மாட்டிக்கொண்டார்கள். மோசமான வானிலையால் சின்ன விமானமும் ஹெலிகாப்டரும் எழும்ப முடியவில்லை. காத்மாண்டு இந்தியத் தூதரகம் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் அதிகாரிகளின் தொலைபேசி எண்களைத் தனியாக அறிவிக்கவேண்டி வந்தது. மாட்டியவர்களில் எத்தனை பேர் தென்னிந்தியர்கள் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை. அன்றைக்கும் யாரும் வானிலையைத் தவறாகக் கணித்துவிடவில்லை. ஜூலையில் அங்கே அப்படித்தான் இருக்கும். சிமிகோட் ஓடுதளத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேரை ஏற்றி இறக்க முடியும் என்று கணக்குப் போடாமல் எல்லா நிறுவனங்களும் ஒரே வாரத்தில் ஆட்களை அனுப்பியதுதான் கோளாறு.

ஏப்ரல், மே குழுக்களுக்கான முன்பதிவு தை பிறந்ததும் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் உங்கள் பொக்காரா ஏஜெண்டைத் தொலைபேசியில் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். முதல் நாள் இரவு அறிக்கை பார்த்துவிட்டு நாங்களே விமானத்தை வேண்டாம் என்றால் எவ்வளவு பிடித்துக்கொள்வீர்கள்? அதே விடுதியில் இன்னொரு இரவுக்கு அறை தருவீர்களா, என்ன விலைக்கு? ஜீப் ஓட்டுநர் வழியில் நிறுத்தித் திரும்பினால் முழு வாடகை கேட்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதைப் பார்த்தபின் இந்த ஆண்டுக்கான விலையைப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் யாத்திரிகர்களின் நலம் விரும்பும் ஒருவன்